ஆடாத சூடம்

2024 ஏப்ரல் 26, வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். தூத்துக்குடிக்குத் தெற்கே, தாணுலிங்கம் உப்பளத்தின் நாற்பத்தொரு பாத்திகளில் முப்பது பாத்திகள் இருபத்தைந்து டிகிரி உப்புச்செறிவு காட்டின. அவற்றின் அடியில் உப்பு பூத்திருந்தது. மீதிப் பதினொரு பாத்திகள் இருபத்தொரு டிகிரியில் நின்றன. அவற்றில் உப்பு இல்லை.

ஜெபசுதா செறிவு அளக்கும் கண்ணாடி டிகிரிக் குழலைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் துடைத்து, நோட்டில் இருபத்தொன்று என்று எழுதினாள். நேற்றும் அதைத்தான் எழுதியிருந்தாள். முந்தாநாளும் அதேதான்.

"எக்கா, ஒரு கார்பன் பேப்பர் வாங்கித் தரட்டா?" என்றான் மாசானம். "தெனமும் கை வலிக்க எழுத வேண்டாம்லா."

"வாயை மூடிட்டுக் குச்சியைப் பாருலே."

பதினேழு வருஷம் துறைமுகத்தில் கப்பல் சரக்குகளைச் சோதித்துச் சான்று கொடுத்தவள் ஜெபசுதா. பாமாயில் முதல் அமிலம் வரை எந்தத் தொட்டியில் என்ன கலந்திருக்கிறது என்று மோந்தே சொல்லிவிடுவாள் என்று துறைமுகத்தில் ஒரு பேச்சு உண்டு. ஆறு வருஷமாகச் சொந்தத்தில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறாள். மாசானம் அவளுடைய உதவியாளன். முன்பு கிரேன் ஓட்டியவன். ஆள் கீழே இறங்கி வருஷங்களாகியும் வாய் மட்டும் இன்னும் இறங்கவில்லை.

இந்தப் பதினொரு பாத்திகளைக் கெடுத்தது யார் என்று தேடி நான்கு நாட்கள் வீணாகிவிட்டன. திங்கட்கிழமை வரப்பில் நண்டு வளை தேடினார்கள், கிடைத்தது நண்டு. செவ்வாய்க்கிழமை மடையின் பூட்டைச் சோதித்தார்கள். யாரும் தொட்ட அடையாளம் இல்லை. புதன்கிழமை பக்கத்து ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரை ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அது யோக்கியமான தண்ணீர் என்று பதில் வந்தது. வியாழக்கிழமை சந்தேகப்பட்டு ஒரு டேங்கர் லாரியைப் புன்னைக்காயல் வரை துரத்தினார்கள். லாரி ஒரு கல்யாண வீட்டு வாசலில் நின்று குடிதண்ணீர் இறக்கியது. மாசானம் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தான்.

கைப்பேசி அடித்தது. முதலாளி தாணுலிங்கம்.

"ஜெபசுதாம்மா, நீங்க நாலு நாளா தேடுறதை நான் மொத நாளே சொல்லிட்டேன். மடைச் சாவி யார்ட்ட இருக்கு? பேச்சிச்செல்விட்ட. போன மாசம் கம்பூட்ஸ் கேட்டு ஆபீஸ் வாசல்ல சண்டை போட்டது யாரு? அவதான். கெட்டுப்போன பதினோரு பாத்தியும் யாரு செட்டு வேலை பாக்குறது? அவ செட்டு. மடையைத் தொறந்து நல்ல தண்ணிய விட்டுருக்கா. இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

"ஆதாரம் வேணும் அண்ணாச்சி."

"அஞ்சு மணிக்கு நான் ஸ்டேஷனுக்குப் போறேன். புகார் எழுதி ரெடியா இருக்கு. அவளும் அவ கூட இருக்கிற இருபத்திரண்டு பொம்பளைகளும் நாளைக்கு இங்கன வரக்கூடாது. அதுக்குள்ள வேற பேரு கிடைச்சா சொல்லுங்க."

இணைப்பு அறுந்தது. வேறு பேரு. நான்கு நாளில் கிடைக்காத பேரு, பத்து மணி நேரத்தில் எங்கிருந்து முளைக்கும்? உப்பளத்தில் புகார் ஏறிய பெண்ணை இந்தக் கரையில் வேறு எந்த அளத்துக்காரரும் சேர்த்துக்கொள்ள மாட்டார். அது பேச்சிச்செல்விக்கும் தெரியும். தூரத்தில் அவள் பாத்திக்குள் நின்று, தலையைத் தூக்காமல், பலகையால் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"எக்கா, குச்சி ஒரு கதை சொல்லுது. இங்கன வாங்க" என்றான் மாசானம்.

செவ்வாய்க்கிழமை ஜெபசுதா ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு குச்சியை நட்டு, தண்ணீர் மட்டத்தில் கத்தியால் கோடு கிழித்திருந்தாள். நல்ல பாத்திகளில் தண்ணீர் கோட்டுக்குக் கீழே ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. கெட்ட பாத்திகளிலும் இறங்கியிருந்தது. ஆனால் அதில் பாதிகூட இல்லை.

ஜெபசுதா குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தாள். மடையைத் திறந்து நல்ல தண்ணீர் விட்டிருந்தால் மட்டம் கோட்டுக்கு மேலே ஏறியிருக்க வேண்டும்.

"யாரும் உள்ள தண்ணி விடல மாசானம். உள்ள இருக்கிற தண்ணி வெளிய போகல. அவ்வளவுதான்."

"ஓட்டை இல்லாத பாத்தியில வெளிய போக ஏதுக்கா வழி?"

"மேல."

மாசானம் வானத்தைப் பார்த்தான். ஒரு மேகம் இல்லை. வெயில் ஏழு மணிக்கே கண்ணைக் குத்தியது. "வழி நல்லா அகலமாத்தான் தொறந்து கிடக்கு" என்றான்.

பக்கத்து அளத்துக் கங்காணி மாரிராஜ் மாலை நேரங்களில் கையில் கேனோடு இந்த வரப்பில் நடக்கிறான் என்று டீக்கடையில் ஒரு செய்தி இருந்தது. கடைசியாக மிஞ்சியிருந்த நூல் அது ஒன்றுதான். இருவரும் வரப்பேறிப் போனார்கள். மாரிராஜ் ஓலைக் கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஐந்து லிட்டர் வெள்ளைக் கேன்.

"அதுல என்ன இருக்கு?" என்றாள் ஜெபசுதா.

"நீங்க யாரு கேக்கதுக்கு?"

"கேக்கது இவிய. மோந்து பாக்கது நான்" என்று மாசானம் கேனைத் தூக்கி மூடியைத் திறந்தான். மூக்கை வைத்தான். பிறகு வாயை வைத்தான். நான்கு மடக்கு உள்ளே போனது. "எக்கா, தடயத்தை அழிச்சுட்டேன். பதநீர்."

மாரிராஜ் சிரித்துவிட்டான். "பனங்காட்டுலேருந்து அந்த வரப்பு வழியாத்தான் வாரேன், குறுக்குப் பாதைன்னு. உங்க பாத்தியில எறங்கவா வந்தேன்? அந்தத் தண்ணிய மனுஷன் தொடுவானா? காலைச் சுடுது. என் நாய்கூட நல்ல பாத்தியில எறங்கும், அதுல எறங்காது."

ஜெபசுதா திரும்பி நடந்தாள். அவள் நடையில் கோபம் தெரிந்தது. கடைசி நூலும் அறுந்து, அதன் மறுமுனையில் பதநீர் இருந்தது. ஆனால் பாதி வரப்பில் அவள் நின்றுவிட்டாள். குனிந்து, பன்னிரண்டாம் பாத்தியில் வலது கையை நனைத்தாள். எதிரே பதினோராம் பாத்தியில் இடது கையை நனைத்தாள். கடல்நீரைத் தேக்கும் ஒரே தெப்பத்திலிருந்து ஒரே நாளில் பாய்ச்சிய தண்ணீர், மேலே காய்வதும் ஒரே வெயில். ஆனாலும் இடது கை சுட்டது.

"மண்பானைத் தண்ணி ஏன் குளிருது மாசானம்?"

"பானை கசியுது. கசிஞ்சது ஆவியாப் போவும்போது சூட்டையும் தூக்கிட்டுப் போயிருது. எங்க வாத்தியாரு அடிச்சுச் சொல்லித் தந்த ஒரே பாடம்."

"இந்தப் பாத்தியிலேருந்து சூடு போகல. அப்படின்னா ஆவி போகல. தண்ணிக்கு மேல யாரோ மூடி போட்டுருக்காங்க."

மாசானம் பாத்தியை உற்றுப் பார்த்தான். "மூடியைக் காணோமேக்கா. எண்ணெய் ஊத்துனா வானவில் கலர் தெரியும். மண்ணெண்ணெய்னா நாறும்."

அதுதான் அவளையும் குடைந்தது. நிறமில்லை, மணமில்லை. துறைமுகத்தில் பேர் வாங்கிய மூக்கு இங்கே வேலைக்கு ஆகவில்லை.

பன்னிரண்டு மணிக்குப் பேச்சிச்செல்வி கரையேறினாள். வெள்ளிக்கிழமைதோறும் வரப்பு முனையில் நட்டிருக்கும் கல்லுக்குச் சூடம் காட்டி, உப்பு விளைய வேண்டிக்கொள்வது அவள் வழக்கம். இன்று வேண்டிக்கொள்ள அதைவிடப் பெரிய காரணம் இருந்தது. காற்றில் தீக்குச்சி மூன்று முறை அணைந்தது.

"குடு தங்கச்சி, நான் கொளுத்துதேன்" என்று மாசானம் சூடக் கட்டியை உடைத்தான். ஒரு சில்லு தெறித்துப் பன்னிரண்டாம் பாத்தியில் விழுந்தது.

விழுந்த சில்லு ஓடியது. வட்டமடித்தது, நின்றது, மறுபடி வெட்டித் திரும்பி ஓடியது, வாலில் தீப்பிடித்த பூச்சி மாதிரி. மாசானம் வாயைப் பிளந்தான். "எக்கா, சாமி வந்துட்டு!"

"இன்னொரு சில்லு எடு. அந்தப் பக்கம் போடு. பதினோராம் பாத்தியில."

போட்டான். சில்லு விழுந்த இடத்திலேயே கிடந்தது. அவன் ஊதிப் பார்த்தான். காற்றுக்கு நகர்ந்து, மறுபடி பிணம் போலக் கிடந்தது.

"இதுவும் வேலைநிறுத்தமா?" என்றான் மாசானம்.

ஜெபசுதா பத்தாம் பாத்திக்கு ஓடினாள். அங்கும் ஆடவில்லை. ஒன்பதிலும் இல்லை. பதின்மூன்றில் ஆடியது. அவள் முகத்தில் நான்கு நாளுக்குப் பிறகு ஏதோ ஒரு வெளிச்சம் வந்தது.

"தண்ணியோட மேல்தோலு எப்பவும் விறைப்பா இருக்கும். ஒவ்வொரு துளிக்குள்ளயும் இருக்கிற மூலக்கூறு பக்கத்துல இருக்கிறதை இழுத்துப் பிடிச்சுட்டே இருக்கும். சூடம் கரையிற பக்கம் அந்தப் பிடி தளரும், எதிர்ப்பக்கம் இழுத்துட்டுப் போயிரும். அதான் ஓட்டம். இங்கன ஏற்கெனவே எல்லாப் பக்கமும் பிடி தளர்ந்து கிடக்கு. இழுக்க ஆளில்ல."

"தளர்த்துனது யாரு?"

"கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம். ஒரு மூலக்கூறு கனம்தான் இருக்கும். தலை தண்ணியைப் பிடிச்சுக்கும், நீட்டு வாலு மேல நிக்கும். வாலும் வாலும் ஒண்ணையொண்ணு ஒட்டிக்கிட்டு, தேர் அன்னிக்குப் பெரிய கோயில் தெருவுல நிக்கிற கூட்டம் மாதிரி நெருக்கியடிச்சு நிக்கும். அந்தக் கூட்டத்தைப் பிளந்துட்டு ஆவி வெளிய வரணும். வர முடியாது. நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய்க்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது; அது தாறுமாறா நிக்கிற கூட்டம், ஆவி பூந்து வந்துரும். இது மெழுகு மாதிரி ஏதோ ஒண்ணு. வறண்ட நாட்டுல ஏரித் தண்ணி வத்தாம இருக்க இதைத் தூவிப் பாத்திருக்காங்க. ஒரு ஏக்கருக்கு ஒரு பிடிகூட வேண்டாம்."

"காத்து அடிச்சா ஒதுங்கிராதா?"

ஜெபசுதா மேற்கே கை காட்டினாள். உப்பைக் குவித்து வைக்கும் தட்டுமேடு, பதினொரு பாத்திகளுக்கும் காற்றை மறைத்து, வெள்ளை மலையாக நின்றது.

அவள் துறைமுகத்துக்கு அழைத்தாள். அந்த மெழுகு பீப்பாய்களில் கப்பலில் வருவதுண்டு, சோப்புக்கும் கிரீமுக்கும். சேமிப்புக் கிடங்கில் வேலை பார்க்கும் பழைய நண்பரிடம் பீப்பாய் ஏதாவது குறைகிறதா என்று கேட்டாள். அவர் இரண்டு மணி நேரம் கழித்துத் திருப்பி அழைத்தார். இந்த வருஷம் அந்தச் சரக்கே இறங்கவில்லை.

மணி மூன்றே கால். ஜெபசுதா டிகிரிக் குழலை வரப்பில் ஓங்கி வைத்தாள். அது உடைந்தது.

"போச்சு. இனி இருபத்தொண்ணுன்னு எழுதக்கூட வழியில்ல" என்றான் மாசானம். அவள் சிரிக்கவில்லை. எப்படி என்று தெரிந்துவிட்டது. யார் என்று தெரியாமல் எப்படி என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தாணுலிங்கம் கேட்டது பேரு.

பேச்சிச்செல்வி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கடைசி ஒரு மணி நேர வேலைக்கு இறங்கப் போகிறாள். நாளை இருக்கிறதோ இல்லையோ, இன்றைய வேலையை முடித்தாக வேண்டும். பாதத்தில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். உப்பு அரித்த வெடிப்புகள் குதிகால் முழுக்க, சில இடங்களில் சிவப்பாக. மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துத் திறந்து, வெள்ளைக் களிம்பை அள்ளி, தோசைக்கு மாவு தடவுகிற தாராளத்தோடு இரண்டு காலிலும் அப்பினாள்.

"இவ்வளவு எதுக்கு தங்கச்சி?" என்றான் மாசானம். "ஒரு டப்பா ஒரே வாரத்துல காலியாயிருமே."

"முன்னால கொஞ்சமாத்தான் பூசுனோம் அண்ணாச்சி. தண்ணி சுட ஆரம்பிச்சதும் பொறுக்க முடியல. எல்லாரும் அள்ளிப் பூசுதோம். பூசப் பூச இன்னும்லா சுடுது."

ஜெபசுதா மெதுவாகத் திரும்பினாள். கையை நீட்டி டப்பாவை வாங்கினாள். மேலே ஒட்டியிருந்த காகிதம் உப்புத் தண்ணீரில் உரிந்து, பசை மட்டும் மிச்சமிருந்தது. அடியில் பொடி எழுத்தில் சேர்மானப் பட்டியல். மாசானம் அதைக் கண்ணுக்கு அருகே வைத்து எழுத்துக் கூட்டினான்.

"தண்ணி. அப்புறம் கிளிசரின். அப்புறம்... சீ... சீட்டைல் ஆல்கஹால். எக்கா! ஆல்கஹாலைக் குடிக்காமக் காலுலயா பூசுதாவ?"

"குடிச்சா ஏறாது. அது மெழுகு." அவள் குரல் இறங்கிவிட்டது. "நான் தேடுன மெழுகு அதுதான்."

இருபத்திரண்டு பெண்களும் பேச்சிச்செல்வியும். நாற்பத்தாறு கால்கள். தினமும் பதினொரு பாத்தியிலும் இறங்கிக் கலக்குகிறார்கள். மூடி மெல்ல மெல்லத் தடித்தது, தண்ணீர் சுட்டது, சுட்டதால் இன்னும் பூசினார்கள், பூசியதால் இன்னும் சுட்டது. எதிரி யாரும் இல்லை. கெடுத்தது பேச்சிச்செல்வியின் கால்தான். தாணுலிங்கம் முதல் நாளே சொன்ன பேருக்கு, ஜெபசுதா நான்கு நாள் அலைந்து ஆதாரம் பிடித்துக் கொடுத்திருக்கிறாள்.

"நான் என்ன தப்பு பண்ணுனேன்க்கா?" என்றாள் பேச்சிச்செல்வி, அவர்கள் முகத்தைப் பார்த்து.

ஜெபசுதா டப்பாவை மூடினாள். மாசானம்தான், பேச்சை மாற்றுகிற மாதிரி, "இது எந்தக் கடையில வாங்குனது? என் பொஞ்சாதிக்கும் குதிகால் வெடிப்பு" என்றான்.

"கடையா? நாங்க எங்கன போயி வாங்க? முதலாளி குடுத்தது. மார்ச் எட்டாந்தேதி, மகளிர் தினம்னு. கம்பூட்ஸ் கேட்டோம், இதைக் குடுத்தாவ. பொம்பளையாளுக்கு மட்டும்."

மாசானம் முப்பது நல்ல பாத்திகளையும் பார்த்தான். அவற்றில் வேலை செய்வது முழுக்க ஆண்கள். "எக்கா," என்றான், "நல்லவேளை ஆம்பளைக்குன்னு ஒரு தினம் கிடையாது. இருந்திருந்தா நாற்பத்தொண்ணும் போயிருக்கும்."

நான்கரை மணிக்கு அலுவலகத்தில் தாணுலிங்கம் சட்டைப் பையில் புகார்க் காகிதத்தோடு எழுந்து நின்றுகொண்டிருந்தார். ஜெபசுதா அவர் மேசையில் இரண்டு எவர்சில்வர் தட்டுகளை வைத்து, பன்னிரண்டாம் பாத்தித் தண்ணீரை ஊற்றினாள். "வடை தின்ன கையால தொடாத மாசானம், எண்ணெய் பட்டாலே ஆடாது" என்றாள். மாசானம் காகிதத்தில் வைத்துச் சூடத்தைத் தட்டினான். இரண்டு தட்டிலும் சில்லுகள் சுழன்று ஓடின. ஜெபசுதா ஒரு குண்டூசி முனையில் களிம்பைத் தொட்டு, ஒரு தட்டில் வைத்தாள். அந்தத் தட்டில் எல்லாச் சில்லுகளும் ஒரே நேரத்தில் நின்றன.

தாணுலிங்கம் இரண்டு தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் வியாபாரி, கண்ணால் பார்த்ததை மறுக்கிறவர் அல்ல. ஆனால் திருப்பிப் பேசத் தெரிந்தவர்.

"சரி. அப்பவும் அவ காலாலதானே கெட்டுது? நான் குடுத்தது ராத்திரி வீட்டுல பூச. பாத்தியில எறங்கும்போது பூசச் சொன்னது யாரு? அது அவ புத்தி. புகார்ல அதையே எழுதிக்கிடுதேன்."

"அப்படி அவங்கட்ட சொன்னீங்களா?"

"எல்லா டப்பாவுலயும் அச்சடிச்சே ஒட்டிருக்கு."

எல்லா டப்பாவிலும் காகிதம் உரிந்துபோய்விட்டது. அவர் சொன்னதுதான் சாட்சி. கடிகாரம் நான்கு ஐம்பது காட்டியது.

"அண்ணாச்சி, தொண்டை காயுது, கொஞ்சம் தண்ணி" என்று மாசானம் மூலையிலிருந்த தண்ணீர் கேனை நோக்கிப் போனான். டம்ளரைப் பிடித்துக் குனிந்தவன் குனிந்தபடியே நின்றான். கேன் ஒரு அட்டைப் பெட்டியின் மேல் இருந்தது. பெட்டியின் வாய் பாதி திறந்திருந்தது. உள்ளே கைவிட்டு ஒரு டப்பாவை எடுத்தான். உப்பளத்தைப் பார்க்காத டப்பா. காகிதம் புத்தம்புதிதாக இருந்தது. அதில் கைகூப்பிய நிலையில் தாணுலிங்கத்தின் வண்ணப்படம். கீழே இரண்டு வரி.

மாசானம் சத்தமாக வாசித்தான். "அன்புச் சகோதரிகளுக்கு மகளிர் தின வாழ்த்துகள். தினமும் வேலைக்கு இறங்கும் முன் இரு கால்களிலும் தாராளமாகப் பூசவும்."

வாசித்துவிட்டு டப்பாவை அவரிடம் நீட்டினான்.

"அண்ணாச்சி," என்றான் மாசானம் பணிவாக, "புகார்ல எதிரி பேரு போடுற இடத்துல போட்டோவும் ஒட்டணும்னா, இது போதுமா?"

தாணுலிங்கம் டப்பாவை வாங்கிப் பார்த்தார். படத்தையும் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்த காகிதத்தை எடுத்து, நான்காகக் கிழித்தார். மன்னிப்பு என்று எதுவும் சொல்லவில்லை. ஜெபசுதா தட்டுகளைக் கவிழ்த்துவிட்டு வெளியே வந்தாள்.

மறுநாள் முதல் பெண்கள் சீயக்காய் போட்டுக் காலைக் கழுவிய பிறகே பாத்தியில் இறங்கினார்கள். களிம்பு இரவில் வீட்டில் பூச என்று ஆனது. மே மாதம் ஆறாம் தேதி பதினொரு பாத்திகளும் இருபத்தைந்து டிகிரி காட்டின. பத்தாம் தேதி உப்பு வாரினார்கள். பேச்சிச்செல்வியும் இருபத்திரண்டு பெண்களும் வேலையில் இருந்தார்கள். கம்பூட்ஸ் வரவில்லை.